எஞ்சின் மாறாத பயணம்

1980களில் சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே இரவு ரயிலில் சென்றவர்களுக்கு விழுப்புரம் சந்திப்பு ஓர் ஊராக நினைவிருப்பதைவிட ஒரு காத்திருப்பாகவே நினைவிருக்கும். அதுவரை இழுத்து வந்த மின் எஞ்சின் அங்கே கழற்றப்படும். தலைக்கு மேல் கூடவே ஓடிவந்த கம்பியும் அந்த நிலையத்தோடு முடிந்துவிடும். இருட்டிலிருந்து டீசல் எஞ்சின் ஒன்று புகை கக்கியபடி மெல்ல வந்து பெட்டிகளைத் தொடும். வண்டி முழுவதும் ஒரு குலுக்கல் ஓடும். மேல் படுக்கையில் உறங்கிய குழந்தை விழித்து அழும். அதற்குள் நாம் இறங்கித் தேநீர் குடித்து, கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சாவகாசமாகத் திரும்பியிருப்போம்.

பயணிக்கு அது இளைப்பாறும் நேரம். ரயில்வேக்கு அது செலவு. ஒரே வண்டிக்கு இரண்டு எஞ்சின்கள், இரண்டு ஓட்டுநர் குழுக்கள், மாற்றும் நேரமெல்லாம் அடைபட்டுக் கிடக்கும் ஒரு நடைமேடைப் பாதை. அதற்குப் பின்னால் டீசலுக்கு ஒரு பணிமனை, மின் எஞ்சினுக்கு ஒரு பணிமனை. இரண்டுக்கும் தனித்தனி உதிரிபாகக் கிடங்கு, தனித்தனிப் பயிற்சி. வங்கிக் கிளையில் பாதிக் கணக்குகள் பேரேட்டிலும் மீதி கணினியிலும் இருந்த ஆண்டுகளை நம் மூத்த வாடிக்கையாளர்கள் அறிவார்கள். அப்போது வேலை குறையவில்லை, இரட்டித்தது. இந்திய ரயில்வே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அப்படிப் பாதி வழியில் நின்றிருந்தது. அண்மைப் பத்தாண்டுகளில்தான் மீதிப் பாதியை ஓட்டமாக ஓடிக் கடந்திருக்கிறது.

தொடக்கம் பம்பாயில். 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியாகக் குர்லா வரை நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. தொலைவு 16 கிலோமீட்டர் அளவுதான். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனியைப் புதுமை மீதான ஆசை மட்டும் இதில் இறக்கவில்லை. அதற்கு இரண்டு நெருக்கடிகள் இருந்தன. ஒன்று, நாளுக்கு நாள் பெருகிய புறநகர்க் கூட்டம். மற்றொன்று, மேற்குத் தொடர்ச்சி மலை. புணேக்குப் போகும் போர் கணவாயிலும், இகத்புரி நோக்கிப் போகும் தால் கணவாயிலும் 37 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். நீராவி எஞ்சின்கள் அதில் மூச்சுத் திணறின. 1930க்குள் மின்கம்பி அந்த இரண்டு மலைகளையும் கடந்துவிட்டது. அங்கே பயன்பட்ட நீண்ட மூக்குடைய எஞ்சின்களுக்கு ஐரோப்பாவில் ‘முதலை’ என்று பட்டப்பெயர். சரிவில் இறங்கும்போது அவற்றின் மோட்டார்களே மின்னாக்கிகளாகிக் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். இறங்குகிற சரக்கு வண்டி, எதிரே ஏறுகிற வண்டிக்குக் கை கொடுக்கும். இன்று புதிய எஞ்சின்களின் சிறப்பாகப் பேசப்படும் மீளாக்கத் தடை முறை, ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே நம் மலைப்பாதையில் வேலை செய்திருக்கிறது.

1931இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையிலும் மின்சார ரயில் வந்தது. அதோடு சரி. நாடு விடுதலை பெற்றபோது மின்மயமான பாதை மொத்தம் 388 கிலோமீட்டர்.

இந்தத் தேக்கத்திற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்று பயன்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். மின்னழுத்தம் குறைவு என்பதால் கனத்த தாமிரக் கம்பி வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின்நிலையம் வேண்டும். கூட்டம் நெரியும் புறநகருக்கு இது கட்டுப்படியாகும். கங்கைச் சமவெளிக்கு ஆகாது. பிரான்சு நாட்டு ரயில்வே 1950களில் வேறொரு வழியைக் காட்டியது: 25,000 வோல்ட் மாறுமின்சாரம். இதற்கு மெல்லிய கம்பி போதும். துணைமின்நிலையங்களையும் பல பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் அமைக்கலாம். உலக நாடுகள் பல தயங்கிக்கொண்டிருந்தபோதே, 1957இல் இந்தியா இந்த முறையைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவை எடுத்தவர்களின் துணிவை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்றே தோன்றுகிறது. 1960இல் இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ராஜ்கர்ஸவான்–டாங்கோபோசி இரும்புத்தாதுப் பாதையில் புதிய முறை செயலுக்கு வந்தது. அதே பத்தாண்டில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரையிலான மீட்டர்கேஜ் பாதையிலும் அது வந்து, ஜப்பானில் செய்த சிறு மின் எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. நாம் தேநீர் குடித்த காத்திருப்பு அங்கே பிறந்தது. 1976இல் ஹவுரா–டெல்லி பெருவழி முழுவதும் மின்மயமாயிற்று. பழைய நேர்மின்சாரமோ மும்பையின் புறநகரில் 2016 வரை உயிரோடிருந்துவிட்டுத்தான் விடைபெற்றது.

ஆயினும் 2014ஆம் ஆண்டு வரை மின்மயமான பாதை ஏறத்தாழ 21,800 கிலோமீட்டர் மட்டுமே. வேகம் குறைந்ததற்குப் பின்னால் ஒரு நியாயமான கணக்கு இருந்தது. மின்மயமாக்கத்தில் செலவெல்லாம் முதல் நாளிலேயே வந்துவிடும். வரவு பின்னால், வண்டிக்கு வண்டி, சிறுகச் சிறுக வரும். நாளைக்கு நூறு வண்டி ஓடும் பாதையில் போட்ட பணம் விரைவில் திரும்பும். நாலு வண்டி ஓடும் கிளைப்பாதையில் திரும்பவே திரும்பாது. ஆகவே பெருவழிகளுக்கு மட்டும் கம்பி, மற்றவற்றுக்கு டீசல் என்பதே கொள்கையாக இருந்தது.

இந்தக் கணக்கின் குறை, கிளைப்பாதையைத் தனித்துப் பார்ப்பதில் இருக்கிறது. கம்பியில்லாத நாற்பது கிலோமீட்டர், கம்பியுள்ள ஆயிரம் கிலோமீட்டரையும் கெடுத்துவிடும். அந்த நாற்பதுக்காக வண்டி முழுத்தொலைவும் டீசலிலேயே, கம்பிக்கு அடியிலேயே, புகை விட்டுக்கொண்டு போகும். இல்லையேல் நடுவழியில் நின்று எஞ்சின் மாற்றும். மேற்குக் கடற்கரையின் கொங்கண் பாதை இதற்கு நல்ல சான்று. 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட 740 கிலோமீட்டர் பாதை அது. குகைகளும் பாலங்களும் நிறைந்தது. இரு முனைகளிலும் இருந்த பாதைகளுக்குக் கம்பி வந்த பின்பும் அது டீசல் பாதையாகவே நீடித்ததால், மும்பைக்கும் கேரளத்துக்கும் இடையே ஒரே எஞ்சினில் போவது மின்சாரத்தால் இயலவில்லை. 2022ஆம் ஆண்டு அந்த இடைவெளி அடைக்கப்பட்டபோதுதான் இருபுறமும் முன்பே செலவிட்ட பணம் முழுப் பலன் தரத் தொடங்கியது.

2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவையின் பொருளாதாரக் குழு எடுத்த முடிவு இந்தப் பின்னணியில்தான் வந்தது. எஞ்சியிருந்த 13,675 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு 12,134.50 கோடி ரூபாய் ஒப்புதல். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 89 லட்சம். பெருநகர் ஒன்றில் ஓர் அடுக்ககக் குடியிருப்பு வாங்கும் தொகை. மின்மயமாக்கம் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 283 கோடி லிட்டர் டீசல் தேவை குறையும், எரிபொருள் செலவில் 13,510 கோடி மிச்சமாகும் என்று அரசு மதிப்பிட்டது. இப்படியொரு திட்ட அறிக்கையோடு கடன் கேட்டு ஒருவர் வந்தால் நம் கிளை மேலாளர் புருவத்தை உயர்த்துவார். காட்டப்படும் செலவு எஞ்சிய பாதைகளுக்கு மட்டும். காட்டப்படும் சேமிப்போ முழுமை பெற்ற வலையமைப்புக்கு. டீசல் விலையும் மின் கட்டணமும் நிலையாக நிற்பவையும் அல்ல. எனினும் தாம் நுகரும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் ஒரு நாட்டுக்கு, இந்த முதலீட்டின் திசை சரியானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

2021–22க்குள் முடிப்பதாக இருந்த பணி அந்தக் கெடுவுக்குள் முடியவில்லை. ஆனால் வேகம் வியப்பூட்டியது. பெரிய நீளங்களை ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். இர்கான், ரைட்ஸ், பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் களமிறங்கின. 2022–23இல் 6,542 கிலோமீட்டர். 2023–24இல் 7,188 கிலோமீட்டர். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விடுதலைக்கு முந்தைய 22 ஆண்டுகளின் மொத்த வேலை, இந்த வேகத்தில் மூன்று வாரம்கூடப் பிடிக்காது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் 68,000 கிலோமீட்டருக்கு மேல், அதாவது அகலப்பாதையில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல், மின்மயமாகியிருந்தது.

அடுத்த முறை பகல் ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தால், மேலே ஓடும் கம்பியைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். அது தண்டவாளத்துக்கு நேர் மேலே நேர்கோட்டில் ஓடாது. ஒரு கம்பத்தில் சற்று இடப்புறமும் அடுத்ததில் சற்று வலப்புறமுமாக வளைந்து வளைந்து செல்லும். நேராக ஓடினால், எஞ்சின் கூரையிலிருந்து எழுந்து கம்பியை உரசிச் செல்லும் பேண்டோகிராஃபின் கார்பன் பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளமாகிவிடும். சில கம்பங்களில் வட்ட இரும்பு எடைகள் அடுக்கடுக்காகத் தொங்குவதையும் காணலாம். வெயிலில் தாமிரக் கம்பி நீளும், பனியில் சுருங்கும். நீளும்போது எடை இறங்கி இழுத்துப் பிடிக்கும். சுருங்கும்போது மேலேறி விட்டுக்கொடுக்கும். மே மாத நண்பகலிலும் மார்கழி விடியலிலும் கம்பியின் இறுக்கம் ஒன்றாகவே இருக்கும். கிணற்று ராட்டினத்தின் கோட்பாடுதான்.

மின்சார ரயிலில் சில இடங்களில் விளக்கும் விசிறியும் ஒரு கணம் நின்று மீண்டும் வருவதை உணர்ந்திருப்பீர்கள். அது பழுதன்று. ஒரு துணைமின்நிலையத்தின் ஆளுகை முடிந்து அடுத்ததன் ஆளுகை தொடங்கும் இடம் அது. இரண்டும் மின் கட்டமைப்பின் வெவ்வேறு கட்டங்களிலிருந்து மின்சாரம் எடுப்பதால் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவே மின்சாரமில்லாத சிறு துண்டு விடப்பட்டிருக்கும். முன்னறிவிப்புப் பலகையைக் கண்டதும் லோகோ பைலட் மின் இணைப்பைத் துண்டித்து, ஓடிய வேகத்திலேயே வண்டியை மிதக்கவிட்டு, அப்பால் சென்றதும் மீண்டும் இணைப்பார்.

கம்பி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நெரிசலான ஒற்றைப்பாதைக்கு மேலே கம்பி கட்டினால் அது மின்மயமான நெரிசலாகும், அவ்வளவே. நம் சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் பல்லாண்டுகளாக மணிக்கு 25 கிலோமீட்டரையே சுற்றிக்கொண்டிருந்தது. காரணம் எஞ்சினின் பலவீனமன்று. பயணி வண்டிகளுக்கு வழிவிட்டுப் பக்கப்பாதையில் நின்ற நேரம். விடுதலையின்போது நாட்டின் சரக்கில் பெரும்பகுதியைச் சுமந்த ரயில், இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுமக்கிறது. மீதி லாரிக்குப் போய்விட்டது. இழந்ததை மீட்கப் புதிய தண்டவாளம் வேண்டும். பஞ்சாபின் லூதியானா அருகிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் கிழக்குச் சரக்குப் பாதையும், டெல்லி அருகே தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் மேற்குச் சரக்குப் பாதையும் அதற்காகவே திட்டமிடப்பட்டவை. மேற்குப் பாதையில் கம்பியை வழக்கமான ஐந்தரை மீட்டருக்குப் பதிலாக ஏழரை மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒரு கொள்கலத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி, அதற்கும் மேலே மின்சாரத்தில் ஓட்டுவதற்காக. பீகாரின் மதேபுராவில் செய்யப்படும் 12,000 குதிரைத்திறன் எஞ்சின்கள் போன்றவற்றுக்கு இத்தகைய பாதையே தகுந்த களம்.

வடக்கே, உதம்பூர்–ஸ்ரீநகர்–பாராமுல்லா பாதை 272 கிலோமீட்டர். 2025 ஜூன் 6இல் அது முழுமையாக இணைந்தபோது, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மேல் மின்சார ரயிலே சென்றது. முதலில் டீசல், பிறகு என்றோ ஒருநாள் மின்சாரம் என்ற பழைய வரிசை அந்தப் பாலத்தில் கைவிடப்பட்டது.

இனி, கசப்பான பகுதி. எஞ்சின் புகை விடவில்லை என்பதால் புகையே இல்லை என்றாகிவிடாது. அது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ரயில்வே சுமக்கும் சரக்கின் எடையில் கிட்டத்தட்டப் பாதியும் நிலக்கரிதான். நிலக்கரி தந்த மின்சாரத்தில் ஓடும் எஞ்சின், மேலும் மின்சாரம் எடுக்க நிலக்கரியையே இழுத்துச் செல்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பினாவில் 2020இல் 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை நேரடியாகவே ரயில் கம்பியோடு இணைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் சிறு துளி. நாடு நிலக்கரியைக் குறைக்கும் நாளில் கம்பியில் பாயும் மின்சாரம் தூய்மையாகும்; அதே நாளில் ரயில்வே தன் மிகப் பெரிய வாடிக்கையாளரை இழக்கத் தொடங்கும். அந்த வருவாயில்தான் பயணிகளின் மலிவுக் கட்டணம் தாங்கப்படுகிறது. சரக்குப் பாதைகளில் கொள்கலங்கள் நிறைவது அதனால் பெருமைக்குரிய விஷயம் மட்டுமன்று. நம் பயணச்சீட்டின் விலையே அதைப் பொறுத்தது.

மற்றொரு கவலை 2012இல் நேரிலேயே வந்தது. அந்த ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்திய மின்கட்டமைப்பு அடுத்தடுத்துச் சரிந்தது. நூற்றுக்கணக்கான வண்டிகள் வயல்களின் நடுவே நின்றன. டீசல் எஞ்சின்கள் போய்த்தான் அவற்றை இழுத்து வந்தன. எனவே டீசலை முற்றாக ஒழிக்க ரயில்வே எண்ணவில்லை. பேரிடருக்கும் எல்லைப்புறத் தேவைக்கும் ஒரு தொகுதி எஞ்சின்கள் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. வாழ்நாள் முடியாத மற்ற எஞ்சின்களை என்ன செய்வது என்பது எளிதான கேள்வியன்று. வாரணாசி டீசல் எஞ்சின் ஆலை ஒரு பழைய டீசல் எஞ்சினையே மின் எஞ்சினாக மாற்றிக் காட்டியது. 69 நாளில் முடித்த அந்த வேலை 2019 பிப்ரவரியில் நாட்டுக்குக் காட்டப்பட்டது. அந்த ஆலையின் பெயரே இன்று பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ். டீசல் பணிமனைகளில் இருபது, முப்பது ஆண்டு எண்ணெயில் ஊறிய கைகள் மின்மாற்றியையும் மின்னணுத் தகட்டையும் புதிதாகக் கற்கின்றன. நம்மோடு பயணம் செய்த ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “டீசல்ல சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிடுவேன், சார். இதுல அது வாயே திறக்காது. திரையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.”

பணம் எங்கிருந்து வந்தது என்பது வங்கி வாசகர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. 1986இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரயில்வே ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், அதாவது ஐ.ஆர்.எஃப்.சி., கடன்பத்திரங்கள் வழியே சந்தையில் பணம் திரட்டி, எஞ்சின்களும் பெட்டிகளும் வாங்கி, ரயில்வேக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. உங்களை இழுத்துச் செல்லும் எஞ்சின் சட்டப்படி இந்த நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருக்கக்கூடும். 2015இல் எல்.ஐ.சி. ஐந்தாண்டுகளில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் வரை வழங்க உடன்பட்டது. இரட்டைப்பாதை, மின்மயமாக்கம் போன்ற பணிகளை அந்த வகைக் கடன் தாங்கியது. காப்பீட்டுத் தவணை கட்டிய பலருடைய சேமிப்பும் அப்படித்தான் கம்பமாகவும் கம்பியாகவும் நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் கடனைவிட அரசின் நேரடி ஒதுக்கீடே முதன்மையாகிவிட்டது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 2.52 லட்சம் கோடி ரூபாய். கடனுக்கு வட்டி உண்டு, ஒதுக்கீட்டுக்கு இல்லை. ஆனால் ஒதுக்கீடு ஆண்டுதோறும் மற்றத் துறைகளோடு போட்டியிட்டுப் பெற வேண்டியது. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே நிதிநிலை அறிக்கை 2017இல் பொது அறிக்கையோடு இணைந்துவிட்டதால், அந்தப் போட்டியை நாம் தனித்துக் காண்பதும் அரிதாகிவிட்டது.

ஒரு வேண்டுகோளையும் இங்கே சேர்த்துக்கொள்கிறோம். புதிதாகக் கம்பி வந்த ஊர்களில், நிற்கும் சரக்குப் பெட்டியின் மேல் ஏறிப் படம் எடுக்க முயன்ற இளைஞர்கள் உயிரிழந்த செய்திகள் வருகின்றன. 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டுவதில்லை. அருகே சென்றாலே அது தாவிப் பாயும். டீசல் காலத்தில் வளர்ந்த நமக்கு அந்த அச்சம் பழக்கத்தில் இல்லை. வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

சில மாதங்களுக்கு முன் மீண்டும் தெற்கே சென்றோம். விழுப்புரத்தில் வண்டி சில நிமிடங்களே நின்றது. எழும்பூரில் மாட்டிய எஞ்சினே முன்னால் இருந்தது. குலுக்கல் இல்லை, எந்தக் குழந்தையும் அழவில்லை. இறங்கித் தேநீர் குடிக்க நேரமில்லாததால் தேநீர்க்காரர் தம் கேனோடு பெட்டிக்குள் ஏறிக்கொண்டார். நாம் சில்லறை தேடி எடுப்பதற்குள் வண்டி வெளிச் சிக்னலைத் தாண்டியிருந்தது.